நான்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரே எஸ்எம்பிஎஸ் போதுமா?

11 பிப்ரவரி 2023 – திருச்சி வாசகரின் கேள்வி

பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் நான்கு வாங்கியிருக்கிறேன். ப்ராசஸர் த்ரெட்ரிப்பர் ப்ரோ 3955டபிள்யூஎக்ஸ். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பதுதான் வேலை. இரவு பகலாக ஓடும். கார்டு ஒன்றுக்கு 350 வாட் என்றால் நான்குக்கு 1400, ப்ராசஸருக்கு 280, ஆக மொத்தம் 1680 வாட் வருகிறது. 1600 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஒன்றின் விலைக்கு 1000 வாட் இரண்டு தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கிரிப்டோ நாணய மைனிங் செய்துகொண்டிருந்த நண்பரும் இரண்டு போடுவதே நல்லது என்கிறார். கணக்குப்படி 2000 வாட்தான் சரி என்று படுகிறது. நான் எதையாவது கவனிக்காமல் விடுகிறேனா?

11 பிப்ரவரி 2023, இரவு

1600 வாட் ஒன்றையே வாங்குங்கள். கார்டுகளின் மின்வரம்பை 350-லிருந்து 280 வாட்டுக்கு இறக்கினால் நான்குக்கும் சேர்த்து 1120 ஆகும், ப்ராசஸருக்கு 280, மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் எல்லாவற்றுக்குமாக 100 வைத்தால் 1500-இல் முடிந்துவிடும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 92 சதவீதம் என்றால் 1600-இல் 1472 வாட்தான் கார்டுகளுக்குப் போய்ச் சேரும். ஆகவே 270 வைத்தால் நிம்மதி.

12 பிப்ரவரி 2023, காலை

நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வாக்கியங்களும் பிழை. தூக்கக் கலக்கத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகளாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1600 வாட் என்பது எஸ்எம்பிஎஸ் வெளியே கொடுக்கும் அளவு. திறனால் ஏற்படும் இழப்பு சுவரிலிருந்து இழுக்கும் பக்கத்தில்தான் சேரும். அதாவது 92 சதவீதத் திறனில் முழுச்சுமை ஓடினால் கார்டுகளும் ப்ராசஸரும் 1600 வாட்டை முழுமையாகப் பெறும், சுவரிலிருந்து ஏறக்குறைய 1740 வாட் போகும், இடையில் உள்ள 140 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே சூடாகி விசிறி வழியே அறைக்குள் வந்துவிடும். வாட் மீட்டரைச் சுவரில் மாட்டி 1500 என்று பார்ப்பவர், எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் விழும் சுமை 1400-க்குக் கீழேதான் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் திறனைக் காட்டும் கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்ற 80 ப்ளஸ் முத்திரைகளுக்கும் இதே விளக்கம்தான். 230 வோல்ட்டுக்கான அளவுகோலில் பாதிச்சுமையின்போது கோல்டு 92 சதவீதமும் டைட்டானியம் 96 சதவீதமும் காட்ட வேண்டும். 800 வாட் சுமையில் இந்த வித்தியாசம் 36 வாட். நாள் முழுவதும் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. டைட்டானியத்துக்காகக் கேட்கும் கூடுதல் விலையை மின்கட்டணத்தில் மீட்டுவிடலாம் என்று கடையில் சொன்னால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். அந்தச் சோதனை 23 டிகிரி அறையில் நடப்பது என்பதையும், நம் ஊர் மே மாதத்தையும் சேர்த்து யோசியுங்கள். எஸ்எம்பிஎஸ் தன் முழு வாட்டை 40 டிகிரியில் கொடுக்குமா, 50 டிகிரியில் கொடுக்குமா என்பதை முத்திரை சொல்லாது. விவரத்தாளைத்தான் பார்க்க வேண்டும்.

14 பிப்ரவரி 2023

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களும் நானும் வாட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கிறோம். எங்கள் இயந்திரத்தை அணைத்தது அந்தக் கூட்டுத்தொகை அல்ல.

நாங்கள் கோவையில், துணியில் உள்ள நெசவுக் குறைகளைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிறோம். 2021-இல் இரண்டு 3090 கார்டும் 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுமாகத் தொடங்கினோம். ஒரு நாளும் தகராறு இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று இத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. மேலும் இரண்டை வாங்கினோம், 1600 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டோம், வரம்பை 300 வாட் என்று வைத்தோம். வாட் மீட்டர் 1500-ஐ ஒட்டியே நின்றது. எல்லாம் சரி என்று டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் இயந்திரம் அணைந்து கிடக்கிறது. முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போட்டால்தான் உயிர் வருகிறது. மறுபடி பயிற்சியைத் தொடங்கினால் மறுபடி அதே கதை; சில நேரம் மூன்று நிமிடம், சில நேரம் இரண்டு மணி நேரம்.

வாட் மீட்டர் காட்டுவது சராசரி. 350 வாட் என்று எழுதியிருக்கும் 3090, மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு 500 வாட்டைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். மீட்டர் அதைப் பார்க்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று பார்த்துவிடும். பார்த்ததும் ஏதோ ஷார்ட் என்று எண்ணி அணைத்துப் பூட்டிக்கொள்ளும். ஒரு கார்டின் துள்ளல் மட்டும் என்றால் 1600 வாட் எஸ்எம்பிஎஸ் கண்டுகொள்ளாது. நான்கும் ஒரே கணத்தில் துள்ளுவதுதான் சிக்கல். பயிற்சியின் ஒவ்வொரு படியிலும் நான்கு கார்டுகளும் தத்தம் பங்கை முடித்து, விடைகளை ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்வதற்காகச் சற்றே ஓய்ந்து, பின்பு நான்கும் சேர்ந்தாற்போல அடுத்த படியைத் தொடங்குகின்றன. மின்சாரம் போய்த் திரும்பும்போது தறிக்கூடத்தில் எல்லாத் தறியையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் போடுவார்கள். எங்கள் கார்டுகளோ விநாடிக்கு நான்கைந்து தடவை எல்லாத் தறியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தன.

உங்கள் மைனிங் நண்பர் சொன்னதில் தவறில்லை. அவர் அனுபவம் வேறு. மைனிங்கில் கார்டு ஒரே சீராக ஓடும், ஒரு கார்டுக்கு மற்றொன்று காத்திருக்காது, ஆகவே துள்ளல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. பன்னிரண்டு கார்டை ஓட்டியவர் கூடப் பயிற்சியில் நான்கு கார்டு படுத்தும் பாட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

மின்வரம்பை இறக்குவது பாதி மருந்துதான். அந்த வரம்பு பல மில்லி விநாடிகளின் சராசரியைப் பார்த்துக் கார்டை அடக்குகிறது. அதற்குள் துள்ளல் நடந்து முடிந்துவிடும். எங்களுக்கு மீதிப் பாதி மருந்தாக அமைந்தது கடிகார வேகத்தைப் பூட்டுவது. 3090-இன் பூஸ்ட் வேகம் விவரத்தாளில் 1695 மெகாஹெர்ட்ஸ். விட்டால் 1900-ஐத் தாண்டி ஏறும். அதை என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் 1500-இல் பூட்டினோம். வேகம் ஏறாததால் கார்டின் உள்வோல்ட்டேஜும் ஏறாது. வோல்ட்டேஜ் கூடினால் இழுக்கும் வாட் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அந்த உச்சியை வெட்டியதுமே துள்ளல் அடங்கியது. பயிற்சி நேரம் கூடியது என்னவோ உண்மை; ஆனால் எங்கள் வேலையில் இரவு முழுவதும் ஓடும் பயிற்சி அரை மணி நேரம் தள்ளி முடிந்தது, அவ்வளவுதான்.

14 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த இரண்டு அமைப்புகளும் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும். ஒரு நாள் நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தது. இயந்திரம் தானாக எழுந்தது, பயிற்சியும் தானாகத் தொடர்ந்தது, பூட்டு மட்டும் தானாக வரவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு அணைந்ததைக் காலை ஒன்பதரைக்குத்தான் பார்த்தோம். கட்டளையைத் தொடக்க சேவையில் எழுதி வைத்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022 பிப்ரவரியில் வந்த ஏடிஎக்ஸ் 3.0 நெறி, பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவின் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது. இந்தத் துள்ளலை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான் அது. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பழைய நெறியில் செய்த 1600-ஐ விட 3.0 என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

19 பிப்ரவரி 2023

இரண்டு எஸ்எம்பிஎஸ் போடுவதை ஏன் ஒரேயடியாக மறுத்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மறுத்தது சற்று அதிகம்தான். செய்யலாம், ஆனால் கடைக்காரர் சொல்வது போல 1000-ஐயும் 1000-ஐயும் கூட்டி 2000 ஆக்க முடியாது. இரண்டு தனித்தனிக் குளங்கள். ஒன்றில் மிச்சமிருப்பது மற்றொன்றுக்கு உதவாது. முதல் எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டும் ப்ராசஸரும் ஒரு கார்டும், இரண்டாவதில் மூன்று கார்டும் என்று பிரித்தால், இரண்டாவதில் 1050 வாட் விழுந்துவிடும். இரண்டிரண்டாகப் பிரித்தால் முதலாவதில் 700, ப்ராசஸர் 280, போர்டு 100 என்று 1080 ஆகும். எப்படிப் பிரித்தாலும் வரம்பை இறக்காமல் 1000 போதாது.

இரண்டும் ஒரே கணத்தில் எழுந்து ஒரே கணத்தில் அணைய வேண்டும். இரண்டாவதன் 24 பின் ப்ளக்கில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் காகிதக் கிளிப்பால் இணைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும். ஆனால் முதலாவது அணைந்த பிறகும் இரண்டாவது கார்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், கார்டின் ஒரு பாதி விழித்தும் மறு பாதி உறங்கியும் கிடக்கும். இதற்கென்றே சின்ன ரிலே போர்டு விற்கிறார்கள், ரிச்சி தெருவில் கேட்டாலும் கிடைக்கும். முதலாவது எழுந்தால் அது இரண்டாவதை எழுப்பும். இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே உலோகச் சட்டத்தில் திருகி, ஒரே ப்ளக் பாயின்ட் வரிசையிலிருந்து எர்த் எடுங்கள். ஒரு கார்டின் இரண்டு 8 பின் ப்ளக்குகளில் ஒன்றை இதிலும் மற்றொன்றை அதிலும் செருகவே செருகாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு நூல் பிரியாது. கார்டு தன் 8 பின் ப்ளக்குகளிலிருந்து மட்டும் மின்சாரம் எடுப்பதில்லை. போர்டின் ஸ்லாட்டிலிருந்தும் எடுக்கிறது. ஸ்லாட்டுக்கு 75 வாட் உச்சவரம்பு, அதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர். நான்கு ஸ்லாட்டும் சேர்ந்தால் 22 ஆம்பியர். இது போர்டுக்குள் வரும் வழியைப் பாருங்கள்: அவ்வளவு பெரிய 24 பின் ப்ளக்கில் 12 வோல்ட் பின்கள் இரண்டே இரண்டு, பத்தாவதும் பதினொன்றாவதும். பின்னுக்கு 11 ஆம்பியர் என்பது அந்த வகைப் பின் தாங்கும் அளவுக்கு மேல். நான்கு கார்டுக்கென்று செய்த போர்டுகளில் ஸ்லாட்டுகளுக்கு அருகே தனியாக ஒரு 6 பின் சாக்கெட் இருப்பது இதற்காகத்தான். கையேட்டில் கட்டாயமில்லை என்ற தொனியில் எழுதியிருந்தாலும் நான்கு கார்டு போடுபவர் அதைக் காலியாக விடக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை எண்ணும்போது அதையும் ஒன்றாக எண்ணுங்கள்.

கேபிள் எண்ணிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் கார்டுகளில் எத்தனை 8 பின் உள்ளன? 3090-இல் இரண்டு உள்ளவையும் உண்டு, மூன்று உள்ளவையும் உண்டு. மூன்று என்றால் மொத்தம் 12 கேபிள் வேண்டும். பல 1600 வாட் எஸ்எம்பிஎஸ்களில் அத்தனை வாய் இருக்காது. வாட்டைப் பார்த்து வாங்கிவிட்டு வாய் போதாமல் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

20 பிப்ரவரி 2023

மைனிங் ரைசர்களை (கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் நீட்டிப்புகள்) டிஸ்க்குகளுக்கான சாட்டா ப்ளக்கில் மாட்டலாமா என்று கேட்டவருக்கு: சாட்டா ப்ளக்கின் 12 வோல்ட் பக்கம் மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். ஸ்லாட் வழியாகக் கார்டு 66 வாட் வரை கேட்கலாம். மிச்சத்தைப் ப்ளக்கின் பிளாஸ்டிக் கொடுக்கும், புகையாக.

3 மார்ச் 2023

கேபிளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் நான் பணம் கட்டிப் பாடம் படித்தவன்.

முதலில் இரட்டை வால் கேபிள். எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒரு ப்ளக், கார்டு பக்கம் இரண்டு 8 பின். ஒரு 8 பின் என்றால் 150 வாட், 12.5 ஆம்பியர், அது மூன்று 12 வோல்ட் கம்பிகளில் பிரிந்து கம்பிக்கு 4.2 ஆம்பியர் என்று வசதியாக ஓடுகிறது. இரட்டை வாலில் இரண்டு ப்ளக்கின் 25 ஆம்பியரும் அதே மூன்று கம்பிகளில் வர வேண்டும், கம்பிக்கு 8.3 ஆம்பியர். ஒரு கார்டில் சில மணி நேரம் விளையாடுபவருக்கு இது ஒரு பொருட்டில்லை. வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் இயந்திரத்தில், நான்கு கார்டின் வெப்பக் காற்று அந்தக் கேபிளின் மேலேயே வீசும்போது, கையால் தொட்டால் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனிக் கேபிள் போட்டுவிடுங்கள்.

இனி என் பாடம். பழைய 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் புதிய 1600-ஐப் போட்டபோது, கேபினட்டின் பின்புறம் அழகாகக் கட்டி வைத்திருந்த கேபிள்களைப் பிரிக்க மனம் வரவில்லை. பழைய சாட்டா கேபிளின் முனை புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் வாயில் ‘டக்’ என்று கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ‘சட்’ சத்தமும், ஊதுபத்தி அல்லாத ஒரு வாசனையும். இரண்டு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் போயின. கார்டு பக்கம் இருக்கும் ப்ளக்கின் பின் வரிசைக்குத்தான் பொது நெறி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும், சில வேளைகளில் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களும், தம் விருப்பப்படி வரிசை வைத்திருக்கின்றன. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எங்களுக்கு 12 வோல்ட் வந்திருந்தது. இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கேபிளிலும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உரியது என்று காகிதம் ஒட்டி வைக்கிறோம்.

26 மார்ச் 2023

வெயில் ஏறிவிட்டது, சுவருக்கு இந்தப் பக்கம் பேசியது போதும்.

சாதாரணமாக மேசைக்கருகில் இருக்கும் ப்ளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1380 வாட். 1600 வாட் எஸ்எம்பிஎஸ் முழுச்சுமையில் 7.6 ஆம்பியர் இழுக்கும். மாலையில் வோல்ட்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே வாட்டுக்காக 9.7 ஆம்பியர் இழுக்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் பல்பு மங்கும், கம்ப்யூட்டர் மங்காது. அது கூடுதல் ஆம்பியரை இழுத்துத் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். ஆகவே ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட், மெயின் பாக்ஸிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச்). எம்சிபி சி வகையாக இருக்கட்டும். பி வகை, சுவிட்சைப் போடும் கணத்தில் கெபாசிட்டர்கள் இழுக்கும் பாய்ச்சலுக்கே விழுந்துவிடும். கடையில் இலவசமாகக் கொடுக்கும் மெல்லிய பவர் கேபிளைத் தூக்கிப்போட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் தடித்த கேபிளையே பயன்படுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு 1440 வாட்டுக்கு மேல் போகக்கூடாதாமே என்று பயப்பட வேண்டாம். அவர்களுடைய 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்றில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம் என்ற கணக்கு அது. நம் 16 ஆம்பியர் பாயின்ட்டில் 3680 வாட் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

எர்த்தைச் சோதியுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதை ‘ஸ்டாட்டிக்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் இல்லையென்றால் கேபினட்டில் மெயின் வோல்ட்டேஜின் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், மிதந்துகொண்டிருக்கும். கசியும் மின்சாரம் மிகச் சிறியது என்பதால் சுருக்கோடு விடுகிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பின் சாக்கெட் எல்லாமே அழகாக இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒன்றைத் திறந்து பார்த்தபோது எர்த் பின்னுக்கு வயரே வரவில்லை. “பின்னு இருக்குதுங்க, எர்த்துதான் இல்ல” என்றார்.

வெப்பத்துக்கும் கணக்கு உண்டு. சுவரிலிருந்து எடுக்கும் 1600 வாட்டும் கடைசியில் அறையின் வெப்பம்தான். ஒரு டன் ஏசி அகற்றுவது ஏறக்குறைய 3500 வாட். ஆகவே இந்த ஒரு இயந்திரமே அரை டன்னுக்குச் சற்றுக் குறைவாக விழுங்கிவிடும். மின்கட்டணம் நாளுக்கு 38 யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு 2300 யூனிட், ஏசி தனி. வீட்டில் வைத்து ஓட்டப் போகிறவர் வீட்டில் சொல்லிவிட்டு ஓட்டுவது நல்லது.

2 மே 2023

திருச்சி நண்பர் எழுதியிருக்கிறார்: ஏடிஎக்ஸ் 3.0 முத்திரையுள்ள 1600 வாட் ஒன்றே வாங்கிவிட்டார், வரம்பு 280, வேகமும் பூட்டியாயிற்று, ஆயினும் வாரத்துக்கு ஓரிரு முறை இயந்திரம் தானாக மறுதொடக்கம் ஆகிறது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா என்கிறார்.

மாற்ற வேண்டாம். எப்படி அணைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு விழுந்தால், நான் முன்பு எழுதியது போல, அது பூட்டிக்கொண்டு கிடக்கும், தானாக எழாது. திரை மட்டும் கறுத்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்து, பதிவேட்டில் எக்ஸ்ஐடி 79 என்ற பிழை எண் இருந்தால் ஒரு கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது, அதாவது போர்டோடு அதன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது ரைசரையும் அந்தக் கார்டின் கேபிளையும் பார்க்க வேண்டும். உங்களுடையது தானாக எழுகிறது. ஆகவே கண நேரம் மின்சாரம் போய் வந்திருக்கிறது. இடையில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

3 மே 2023

நினைத்தது சரியாயிற்று. வீட்டு இன்வெர்ட்டர், அதுவும் சாதாரண மோடில். கெபாசிட்டர்களில் சேர்ந்திருப்பதைக் கொண்டு எஸ்எம்பிஎஸ் மூச்சடக்கக்கூடிய நேரம் மிகக் குறைவு, ஏடிஎக்ஸ் 3.0 கேட்பதே முழுச்சுமையில் 12 மில்லி விநாடியும் 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடியும்தான். நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லி விநாடி. ஃபேனுக்கும் லைட்டுக்குமாகச் செய்த இன்வெர்ட்டர் மாறும் நேரம் இதைத் தாண்டிவிடும். இயந்திரம் சும்மா இருக்கும்போது மின்சாரம் போனால் தப்பித்துக்கொள்வதும், பயிற்சி ஓடும்போது போனால் விழுவதும் இதனால்தான்.

வேண்டியது 3 கேவிஏ ‘ஆன்லைன்’ வகை யுபிஎஸ், எப்போதும் தன் வழியாகவே மின்சாரம் கொடுப்பது. அதில் மாறும் நேரமே கிடையாது. கேவிஏவை வாட் என்று எண்ணிவிடாதீர்கள்: பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 3 கேவிஏ 2400 வாட்தான். 2 கேவிஏ வாங்கினால் 1600 வாட், சுவரில் நீங்கள் இழுப்பதும் அதே அளவு. மிச்சம் எதுவும் இராது. ஸ்கொயர் வேவ் வேண்டாம், இந்த எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துவராது.

பிப்ரவரியில் நீங்கள் கேட்டபோதே இதைத்தான் முதலில் நான் கேட்டிருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கேட்டீர்கள் என்று எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

15 ஜூன் 2025

இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் இந்த இழையைத் தோண்டியெடுத்து, நான்கு ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு என்ன எஸ்எம்பிஎஸ் என்று கேட்டிருக்கிறார். கார்டுக்கு 575 வாட், நான்குக்கு 2300. ப்ராசஸரையும் சேர்த்தால் 2700-ஐ நெருங்கும். 2000 வாட்டைத் தாண்டிய எஸ்எம்பிஎஸ்களும் இப்போது வருகின்றன, 200 முதல் 240 வோல்ட் உள்ள நாடுகளுக்கு. இங்கேயாவது இரண்டு எஸ்எம்பிஎஸ் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். முன்பு சொன்ன எச்சரிக்கைகளோடு.

ஆனால் என் கவலை வாட்டில் இல்லை, ப்ளக்கில். 4090 வந்த 2022 அக்டோபரிலேயே புதிய 16 பின் ப்ளக் உருகிய செய்திகள் வந்தன. 2023-இல் உணர்வுப் பின்களைக் குட்டையாக்கி, ப்ளக் முழுமையாக உள்ளே போனால்தான் மின்சாரம் வரும்படி திருத்தினார்கள். 5090 வந்த பிறகும் உருகிய படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 600 வாட் என்றால் 50 ஆம்பியர், ஆறு பின்னில் பிரிந்தால் பின்னுக்கு 8.3. மார்ச் மாதக் குறிப்பில் இரட்டை வாலுக்கு நான் போட்ட அதே எண். அங்கே தவிர்க்கச் சொன்னதை இங்கே நெறியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆறும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் 8.3, ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் மற்றவை சுமக்கும். அறையில் ஆள் இருக்கும்போது ஓடும் ஒற்றைக் கார்டுக்கு வாசனையாவது வரும். பூட்டிய அலுவலகத்தில் இரவு முழுவதும் ஓடும் நான்கு கார்டுக்கு யார் காவல்? என்விடியாவே பல கார்டு இயந்திரங்களுக்கென்று ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000-இல் 600 வாட் மாடலோடு 300 வாட் மாடல் ஒன்றையும் விற்கிறது. அந்த விலை நமக்குக் கட்டாது என்றாலும், 5090-ஐ வாங்குபவர் வரம்பை 400-க்கு இறக்கி ஓட்டலாம். அப்போது பின்னுக்கு 5.6 ஆம்பியர்தான்.

18 ஜூன் 2025

எங்கள் 3090-கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ப்ளக்குகளை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். போட்ட நாளன்று பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை எங்கள் பகுதியில் மின்தடை. அன்று கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

20 ஜூன் 2025

எட்டு ப்ளக்கையும் கழற்றிப் பார்த்தோம். ஏழு புதிது போலவே இருந்தன. இரண்டாம் கார்டின் மேல் ப்ளக்கில் ஒரு 12 வோல்ட் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. பின்னை நகத்தால் தொட்டால் சற்றே ஆடியது. அந்தக் கேபிளை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்த உபரிக் கேபிளை எடுத்துப் போட்டோம். போடும் முன் காகிதத்தைப் படித்தோம். 1600 வாட்டுக்கு உரியதுதான்.